வரைபடத்துக்கு வந்த பில்: வாசகர் கேள்வி–பதில்

கடைகளுக்கும் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் வலைத்தளம் அமைத்துத் தருவது என் தொழில். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து இந்தப் பகுதியை எழுதுகிறேன். வலைத்தளத்தில் வைத்த வரைபடத்துக்கு எதிர்பாராமல் பில் வருகிறது என்று எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் கடிதங்கள் வந்தபடியே இருக்கின்றன. சிலர் பயந்துபோய் வரைபடத்தையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: அம்மா, வணக்கம். நாங்கள் செங்கோட்டை, புளியரை பக்கத்து ஐயப்ப பக்தர்கள். ஆரியங்காவு வழியாகச் சபரிமலை போகிறவர்களுக்காக, அன்னதானமும் தங்குமிடமும் கிடைக்கும் ஒன்பது இடங்களை ஒரு வலைப்பக்கத்தில் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு இடத்துக்கும் கீழே கூகுள் வரைபடம் உண்டு. கணக்கைத் திறந்து கொடுத்தவர் துபாயில் இருக்கும் மருமகன். போன டிசம்பருக்கு மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல் பில். அன்னதானத்துக்கு வந்த பணத்தை எடுத்துக் கட்டினோம். இந்தக் கார்த்திகைக்கு என்ன செய்வது? பக்கத்தை டிசம்பரில் சுமார் இருபதாயிரம் தடவை திறந்திருக்கிறார்கள்.
— செங்கோட்டை வாசகர்

பதில்: ஐயா, அன்னதானப் பணம் என்று படித்ததும் மனம் கலங்கிவிட்டது. கணக்கை உங்களோடு சேர்ந்தே போட்டுப் பார்க்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் இந்த ஆண்டு ஒரு பைசாவும் கட்ட வேண்டியிருக்காது.

கூகுள் எண்ணுவது உங்கள் பக்கத்துக்கு வந்த ஆட்களை இல்லை. பக்கத்தில் ஒரு வரைபடம் புதிதாக உருவாகும் ஒவ்வொரு தடவையையும் எண்ணுகிறது. இதற்கு மேப் லோடு என்று பெயர். உருவான வரைபடத்தை ஒருவர் விரலால் நகர்த்தினாலும், பெரிதாக்கினாலும், செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றினாலும் அது அதே ஒரு லோடுதான். உங்கள் பக்கத்தில் ஒன்பது வரைபடம் இருப்பதால், ஒருவர் திறந்த உடனேயே ஒன்பது லோடு ஏறிவிடுகிறது. அவர் முதல் இரண்டு இடங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போனாலும் ஒன்பதுதான். இருபதாயிரத்தை ஒன்பதால் பெருக்குங்கள்: 1,80,000.

அடுத்தது மருமகன் கணக்கு. 2025 மார்ச் முதல் நடப்பில் உள்ள விலைப்பட்டியலில், பொது விலை ஒன்றும் இந்தியாவுக்கென்று தனி விலை ஒன்றும் இருக்கின்றன. பொது விலையில் மாதம் 10,000 லோடு இலவசம். அதற்கு மேல் ஒரு லட்சம் வரை ஆயிரத்துக்கு 7 டாலர், ஒரு லட்சத்துக்கு மேல் 5.60 டாலர். உங்கள் டிசம்பர் கணக்கை இதில் போட்டால் 630-ம் 448-ம் சேர்ந்து 1,078 டாலர். இந்திய முகவரியில், பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே பயன்படும் கணக்காக இருந்திருந்தால் மாதம் 70,000 லோடு இலவசம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு 2.10 டாலர். அதே டிசம்பருக்கு 231 டாலர் வந்திருக்கும். அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. மருமகன் நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் வேலை நம் ஊருக்கு என்றால் பில்லிங் கணக்கும் நம் ஊர் முகவரியில், சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும்.

இப்போது ஒன்பது வரைபடத்தை ஒன்றாக்குங்கள். ஒரே வரைபடம், அதில் ஒன்பது குறிகள். கீழே ஒன்பது இடங்களின் பெயர்ப்பட்டியல். பெயரைத் தொட்டால் வரைபடம் அந்த இடத்துக்கு நகரட்டும். நகர்வதற்குக் காசு கிடையாது என்று மேலே சொன்னேன் அல்லவா? இருபதாயிரம் பேர் வந்தால் இருபதாயிரம் லோடு. 70,000-க்குள் அடங்கிவிடுகிறது.

இன்னொரு படியும் போகலாம். பக்கம் திறந்ததும் வரைபடத்தைக் காட்டாமல், "வரைபடம் பார்க்க" என்று ஒரு பொத்தான் மட்டும் வையுங்கள். தொட்டவருக்கு மட்டும் வரைபடம் உருவாகும். "வழி காட்டு" என்ற வேலைக்கு வரைபடமே வேண்டாம். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேர்த்து, போனில் இருக்கும் கூகுள் மேப்ஸ் செயலியைத் திறக்கும் சாதாரண இணைப்பாகக் கொடுக்கலாம். அதற்கு ஏபிஐ கீயும் (கூகுள் சேவையை யார் கணக்கில் கேட்கிறோம் என்று காட்டும் குறியீடு) தேவையில்லை, கட்டணமும் இல்லை. வண்டி ஓட்டுகிறவருக்குத் தேவை அதுதான். அவர் உங்கள் பக்கத்தை நிலக்கல் வரை திறந்து வைத்துக்கொண்டு போகப் போவதில்லை.

சீசன் விஷயத்தில் ஒன்று. இலவச அளவு மாதாமாதம் புதிதாகத் தொடங்கும். ஆடி, ஆவணியில் யாரும் திறக்காமல் மிச்சமான அளவு கார்த்திகைக்கு வந்து சேராது. ஆனால் மண்டல காலமும் மகரவிளக்கும் சேர்ந்து நவம்பர் பாதி, டிசம்பர் முழுதும், ஜனவரி பாதி என்று மூன்று ஆங்கில மாதங்களில் பரவுகின்றன. நெருக்கடி டிசம்பருக்கு மட்டும்தான். அந்த மாதத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். ஆண்டு சராசரி உங்களுக்கு உதவாது.

காட்டுப் பாதையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஆகவே ஒன்பது இடங்களையும் குறித்த ஒரு படத்தையும் தனியாக வைத்து, "போனில் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுங்கள். கூகுள் திரையைப் படம் பிடித்துப் போடக் கூடாது, அது அவர்கள் விதிமுறைக்கு எதிரானது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் வரைந்து, கீழே அவர்களுக்கு நன்றி போட்டுவிட்டால் போதும்.

கேள்வி: நகரியில் விசைத்தறித் துணி மொத்த வியாபாரம். கடைக்கு வழி காட்ட வலைத்தளத்தில் வரைபடம் இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் என்று பட்ஜெட் போட்டுவிட்டேன். இனி அதற்கு மேல் போகாது என்று வலைத்தளம் செய்தவர் சொல்கிறார். நிம்மதியாக இருக்கலாமா?
— நகரி வாசகர்

பதில்: இருக்க முடியாது, ஐயா. வரைபடக் கணக்கு இருக்கும் கூகுள் கிளவுடில் பட்ஜெட் என்பது மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு. பாதி செலவானால் ஒரு கடிதம், முழுதும் செலவானால் ஒரு கடிதம் வரும். ஆனால் வரைபடம் ஓடிக்கொண்டே இருக்கும், பில்லும் ஏறிக்கொண்டே இருக்கும். நிறுத்துகிற கதவு வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குப் பெயர் கோட்டா. ஒரு நாளைக்கு இத்தனை மேப் லோடுக்கு மேல் கொடுக்காதே என்று அங்கே எண் போட வேண்டும். இந்தியக் கணக்குக்கு மாதம் இலவசமான 70,000-ஐ 31 நாளால் வகுத்தால் 2,258 வருகிறது. 2,000 என்று போட்டுவிட்டால் எந்த மாதமும் இலவச அளவைத் தாண்ட வழியில்லை. துணிக்கடைக்கு நாளுக்கு 200 போட்டாலும் தாராளம்.

கோட்டா தீர்ந்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் வர வேண்டிய இடத்தில் பிழைச் செய்தி வரும். புது நாள் தொடங்குவது அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி நள்ளிரவில். நமக்கு அது பகல் 12.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 1.30. இன்று சாயங்காலம் தீர்ந்தால் நாளை மத்தியானம் வரை வரைபடம் இல்லை. அதற்குள் வருகிறவர்களுக்காகக் கடை முகவரியையும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் எழுத்தில் வரைபடத்துக்குக் கீழே போட்டு வையுங்கள்.

உங்கள் ஏபிஐ கீ பூட்டியிருக்கிறதா என்று உங்கள் ஆளிடம் கேளுங்கள். வலைப்பக்கத்தில் இருக்கும் கீயை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும், மறைக்க வழியில்லை. ஆகவே இந்தக் கீ எங்கள் வலைத்தள முகவரியிலிருந்து வந்தால்தான் செல்லும், வரைபடம் காட்டும் சேவைக்கு மட்டும்தான் செல்லும் என்று இரண்டு கட்டுப்பாடும் போட வேண்டும். இவை போடாத கீயை எடுத்து வேறொருவர் தன் தளத்தில் ஒட்டிக்கொண்டால் பில் உங்களுக்குத்தான் வரும். இது அரை மணி நேர வேலை. இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: மேடம், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் எங்கள் பால் சங்கத்துக்கு ஆறு வண்டிகள் ஓடுகின்றன. காலை 5 மணி முதல் 9 மணி வரை எந்த வண்டி எங்கே வருகிறது என்று வரைபடத்தில் பார்க்கிறோம். பக்கம் பத்து நொடிக்கு ஒரு தடவை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஆபீசில் இரண்டு திரை. உறுப்பினர்களும் போனில் பார்க்கிறார்கள். ஆறே வண்டிக்கு 300 டாலருக்கு மேல் எப்படி ஆகும்?
— பால் சங்கச் செயலாளர், சித்தூர்

பதில்: செயலாளரே, வண்டி எண்ணிக்கைக்கும் பில்லுக்கும் தொடர்பே இல்லை. ஒரே வண்டி ஓடினாலும் இதே பில்தான் வந்திருக்கும்.

பக்கம் முழுதாகப் புதுப்பிக்கும்போது பழைய வரைபடம் அழிந்து புது வரைபடம் பிறக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு லோடு. பத்து நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 360. நாலு மணி நேரத்தில் 1,440. முப்பது நாளில் 43,200. இது ஒரு திரைக்கு. இரண்டு திரைக்கு 86,400, அதாவது ஆபீஸ் மட்டுமே இலவச அளவைத் தாண்டிவிட்டது. இனி போன்கள். ஐம்பது பேர் தினமும் கால் மணி நேரம் பார்த்தால் ஆளுக்கு 90 லோடு, நாளுக்கு 4,500, மாதத்துக்கு 1,35,000. மொத்தம் 2,21,400. இலவசம் போக மிச்சம் 1,51,400. ஆயிரத்துக்கு 2.10 வீதம் 318 டாலர். உங்கள் பில்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

வரைபடத்தை ஒரு தடவை உருவாக்கிவிட்டு, வண்டிக் குறியை மட்டும் நகர்த்தச் சொல்லுங்கள். ஆபீஸ் திரை நாளுக்கு ஒரு லோடு, போன் ஒன்றுக்கு நாளுக்கு ஒரு லோடு. மாதம் 1,560. பில் பூஜ்யம். எழுதியவருக்கு இது ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

அதைச் செய்தபின் செலவு வேறொரு கதவு வழியாக வரப் பார்க்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வண்டியின் இடத்தை எங்காவது எழுதி வைத்து, எல்லாத் திரையும் அதைப் படிக்க வேண்டும். பலர் அதற்கு ஃபயர்ஸ்டோர் என்ற கூகுள் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் நாளுக்கு 20,000 எழுதலும் 50,000 படித்தலும் இலவசம். ஆறு வண்டி ஐந்து நொடிக்கு ஒரு தடவை எழுதினால் நாலு மணி நேரத்தில் 17,280. எழுதலில் தப்பிவிட்டோம். ஆனால் ஒவ்வொரு எழுதலையும் ஒவ்வொரு திரையும் படிக்கிறது. மூன்று பேர் முழு நேரமும் பார்த்தாலே 51,840, எல்லை தாண்டிவிடும். பார்க்கிறவர் கூடக்கூடப் பெருகும் செலவு இது. கிராமச் சாலையில் பால் வண்டி ஐந்து நொடியில் எவ்வளவு தூரம் போய்விடும்? அரை நிமிடத்துக்கு ஒன்று என்று மாற்றினால் நாளுக்கு 2,880 எழுதல்தான். பதினேழு திரைகள் நாலு மணி நேரமும் பார்த்தாலும் 48,960. உங்கள் உறுப்பினர்கள் கால் மணி நேரம் மட்டும் பார்க்கிறவர்கள் என்பதால் இந்த அளவுக்குள் எல்லாரும் அடங்கிவிடுவார்கள்.

ஃபயர்ஸ்டோரைத் தரும் ஃபயர்பேஸில் ஸ்பார்க் என்ற இலவசத் திட்டத்திலேயே இருங்கள். அளவு தீர்ந்தால் அது நின்றுவிடும், பணம் கேட்காது. பிளேஸ் திட்டத்துக்கு மாறினால் நிற்காமல் பில் போடும். பால் வண்டி தெரியாமல் ஒரு காலை நேரம் போனால் டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம். உறுப்பினர்களின் பால் பணத்திலிருந்து டாலர் கட்டுவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு புள்ளிக்கும் சாலையோடு ஒட்ட வைக்கும் சேவையையும், "வந்து சேர இன்னும் எத்தனை நிமிடம்" சேவையையும் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவை தனித்தனிக் கட்டணம். எந்த மேட்டில் ஏறி எந்தத் தோப்பைத் தாண்டினால் எத்தனை நிமிடம் என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியாததா?

கேள்வி: அக்கா, மூணாறில் சின்ன ஹோம்ஸ்டே. ஒரே இடம், ஒரே வரைபடம். 2030-ல் குறிஞ்சி பூக்கும்போது கூட்டம் குவிந்தால் பில் எகிறுமா?
— மூணாறு வாசகி

பதில்: எகிறாது. கூகுள் மேப்ஸில் உங்கள் வீட்டைத் திறந்து, "பகிர்" என்பதற்குள் "வரைபடத்தை உட்பொதி" என்று இருப்பதை எடுத்து ஒட்டுங்கள். கீ வேண்டாம், எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் கட்டணம் இல்லை. ஒரே இடத்தைக் காட்ட இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இதற்கு மாதக் கட்டணம் கேட்பவர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் மூலத்தறைக் கால்வாய்ப் பாசன விவசாயிகள். பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர் எந்தக் கிளைக்கு எந்தத் தேதியில் வருகிறது என்று வரைபடத்தில் காட்ட ஆசை. மாதா மாதம் யாருக்கும் கட்டாத மாதிரி, எங்கள் சொந்த வரைபடமாக வைக்க முடியுமா? ஊர்ப் பெயர்கள் தமிழில் வேண்டும். மலையாளம் பேச வரும், ஆனால் எங்கள் பெரியவர்களுக்குப் படிக்க வராது.
— சித்தூர் தாலுகா விவசாயி

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 1970 ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீரைப் பற்றி ஒவ்வொரு ஆண்டும் பேசுகிறோம். அந்தத் தண்ணீர் எந்த வாய்க்காலில் எங்கே நிற்கிறது என்று வயல்காரரே பார்க்கும் ஒரு வரைபடம் கட்டாயம் வேண்டும். முடியும், செலவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைக்கவும் முடியும்.

இணைய வரைபடம் என்பது டைல் என்ற சதுரத் துண்டுகளால் ஆனது. வரைபடத்தை எவ்வளவு பெரிதாக்கியிருக்கிறோம் என்பதை ஜூம் எண்ணால் சொல்வார்கள். முழு உலகமும் ஒரே துண்டாக இருப்பது ஜூம் 0. ஒவ்வொரு ஜூமுக்கும் ஒரு துண்டு நாலாகப் பிரியும். ஜூம் 14-ல் உலகம் முழுவதற்கும் 26.8 கோடித் துண்டுகள். பெரிய நிறுவனங்கள் அத்தனையையும் வைத்துக் காப்பதற்காகத்தான் கட்டணம் கேட்கின்றன. நமக்கு உலகம் எதற்கு? தீர்க்கரேகை 76.6 முதல் 77.0 வரை, அட்சரேகை 10.5 முதல் 10.9 வரை வெட்டினால் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் எல்லாம் உள்ளே வந்துவிடும். அந்தச் சதுரத்துக்கு ஜூம் 14-ல் ஏறக்குறைய நானூறு துண்டுகள்தான்.

இதற்கு பிஎம்டைல்ஸ் என்று ஒரு கோப்பு வகை இருக்கிறது. புரோட்டோமேப்ஸ் என்ற திட்டம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து உலகம் முழுவதையும் நூறு ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பாகத் தருகிறது. அதிலிருந்து நம் சதுரத்தை மட்டும் வெட்டியெடுக்க ஒரு வரிக் கட்டளை போதும். முழுக் கோப்பையும் இறக்க வேண்டியதில்லை. வெட்டிய சிறு கோப்பைக் கிளவுட் சேமிப்பில் அப்படியே போட்டுவிடலாம். வரைபடம் திறக்கிறவரின் உலாவி, கோப்பின் எந்தப் பகுதி வேண்டுமோ அந்த பைட்டுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். நடுவில் சர்வர் ஓட வேண்டியதில்லை.

எங்கே போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். சேமிப்புக் கட்டணம் எல்லா இடத்திலும் சொற்பம். வெளியே போகும் தரவுக்குக் கேட்கும் கட்டணம்தான் கடிக்கும். அமேசான் எஸ்3-ல் மாதம் 100 ஜிபி வரை வெளியே போவது இலவசம், பிறகு கட்டணம். கிளவுட்ஃபிளேர் ஆர்2-ல் வெளியே போகும் தரவுக்குக் கட்டணமே இல்லை. 10 ஜிபி சேமிப்பும், மாதம் ஒரு கோடிப் படித்தல்களும் இலவசம். ஒருவர் வரைபடத்தைத் திறந்து நகர்த்திப் பார்க்க நாற்பது படித்தல் ஆகும் என்று வைத்தாலும், இரண்டரை லட்சம் தடவை திறக்கலாம். தாலுகா முழுவதும் பார்த்தாலும் தாங்கும்.

அடித்தளம் இப்படி. உங்கள் கால்வாய்க் கோடுகள் தனிக் கோப்பு. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடந்து பதிவு செய்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளியும், அதன் அட்சரேகை, தீர்க்கரேகையில் தசமப் புள்ளிக்குப் பிறகு பதினைந்து இலக்கமும் இருக்கும். கோப்பு 12 எம்பி ஆகிவிட்டால், 30,000 தடவை திறக்கும்போது 360 ஜிபி வெளியே போகும். உறுப்பினர்களின் போன் டேட்டாவும் தீரும். ஐந்து இலக்கம் வைத்தாலே ஒரு மீட்டர் துல்லியம் கிடைக்கிறது, வாய்க்காலுக்கு அது ஏராளம். மேப்ஷேப்பர் என்ற இலவசக் கருவியில் போட்டுத் தேவையில்லாத புள்ளிகளைக் குறைத்தால் கோப்பு மிகச் சிறியதாகிவிடும். தண்ணீர் வரும் தேதிகளை இந்தக் கோப்புக்குள் வைக்காதீர்கள். அவை அடிக்கடி மாறும். தனியாக ஒரு சின்னக் கோப்பில் வைத்தால், மாறும்போது அதை மட்டும் மாற்றலாம். கால்வாய்க் கோடுகள் உலாவியின் நினைவிலேயே நிற்கும்.

இனி தமிழ். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிஎம்டைல்ஸ் கோப்பைத் திரையில் வரைய மேப்லிப்ரே என்ற நிரலைப் பயன்படுத்துவார்கள். அதன் பல பதிப்புகளில் நம் எழுத்து உடைந்து தெரியும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழும். நம் ஊர்ப் பெயரே கொம்பில்தான் தொடங்குகிறது. இதைப் பார்த்துவிட்டு, தமிழ் வராது, மலையாளமோ ஆங்கிலமோ போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வரைபடத்துக்குள் எழுதாமல், வரைபடத்தின் மேல் சாதாரண வலைப்பக்க எழுத்தாக ஊர்ப் பெயர்களை வைத்தால் உலாவி அதைச் சரியாகவே காட்டும். வடகரப்பதி, எருத்தேம்பதி, நல்லேப்பிள்ளி, பெருமாட்டி என்று உங்களுக்கு வேண்டியது நூறு பெயருக்குள்தான் இருக்கும். நூறு பெயரை இப்படி வைப்பதால் வேகம் குறையாது. செலவும் கிடையாது.

கையோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு ஊருக்கும் தமிழ்ப் பெயருக்கென்று தனிக் கட்டம் உண்டு. அந்தக் கட்டம் காலியாக இருக்கும் ஊருக்கு யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து பெயரை எழுதலாம். தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும், சித்தூர் அரசுக் கல்லூரித் தமிழ்த் துறை மாணவர்களையும் கேட்டால் ஒரு சனிக்கிழமையில் உங்கள் சதுரத்தை முடித்துவிடுவார்கள். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

வரைபடத்தின் ஓரத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி போடுவது கட்டாயம், அதை மறக்க வேண்டாம். கட்டி முடித்ததும் இணைப்பை எனக்கு அனுப்புங்கள்.

கேள்வி: குப்பத்தில் படிக்கிறேன். குப்பம், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் உள்ள நடுகற்களை லீஃப்லெட் என்ற வரைபட நிரலில் குறித்து வருகிறேன், அடியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் படம். அது இலவசம்தானே? வயலில் நெட் கிடைக்காததால் எல்லா டைல்களையும் ஜூம் 18 வரை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாமா, அக்கா?
— குப்பம் மாணவி

பதில்: பாப்பா, நடுகல் வேலை அருமையான வேலை. மொத்தமாக மட்டும் இறக்காதே. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு எல்லாருக்கும் இலவசம். ஆனால் அந்தப் படத் துண்டுகளை அனுப்பும் சர்வர் நன்கொடையில், தன்னார்வலர்கள் நடத்துவது. மொத்தமாக இறக்குவதை அவர்கள் விதிமுறை தடுக்கிறது, செய்தால் உன் முகவரியை அடைத்துவிடுவார்கள். ஜூம் 18-ல் உலகத்துக்கு 6,871 கோடிக்கு மேற்பட்ட துண்டுகள், அதில் பெரும்பாலானதை யாராவது கேட்கும்போதுதான் சர்வர் வரைகிறது. அந்தச் சுமையை யோசித்துப் பார். பார்க்க வருகிறவர்களுக்கு உன் தளத்தில் காட்டுவது மட்டும் என்றால் தாராளமாகச் செய், நன்றி வரியோடு. முகவரியை வைத்து இடம் தேடும் அவர்களுடைய நோமினாட்டிம் சேவையையும் நொடிக்கு ஒன்றுக்கு மேல் கேட்கக் கூடாது.

வயலுக்கு வேறு வழி இருக்கிறது. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற செயலிகள் மாநிலம் மாநிலமாக வரைபடத்தைப் போனில் இறக்கித் தருகின்றன. ஆந்திரம், தமிழ்நாடு இரண்டையும் இறக்கிக்கொள். நடுகல் இருக்கும் இடத்தை அதிலேயே குறித்து, இரவில் வீட்டுக்கு வந்து உன் தளத்தில் ஏற்று. தனிக் கோப்பு வேண்டுமென்றால் மேலே விவசாயிக்குச் சொன்ன பிஎம்டைல்ஸ் முறை உனக்கும் பொருந்தும். நடுகல்லின் படங்களை மட்டும் போனில் எடுத்த அளவிலேயே ஏற்றாதே. குறியைத் தொட்டால் வரும் படத்துக்கு 150 கேபி போதும். முழு அளவுப் படம் ஆய்வேட்டுக்கு உன் கணினியில் இருக்கட்டும்.

கேள்வி: குமுளியில் ஜீப் சவாரி முன்பதிவுப் பக்கம் நடத்துகிறோம். "எங்கே ஏற்றிக்கொள்ள வேண்டும்" என்ற கட்டத்தில் எழுத எழுத இடப் பெயர் வருகிற மாதிரி வைத்திருக்கிறோம். வரைபடத்தைவிட அந்தக் கட்டத்துக்குத்தான் பில் அதிகம். ஏன்?
— குமுளி வாசகர்

பதில்: ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்வி கூகுளுக்குப் போகிறது. வண்டிப்பெரியாறு என்று ஆங்கிலத்தில் அடித்து முடிப்பதற்குள் பன்னிரண்டு கேள்வி. நடுவில் ஒன்றைத் திருத்தினால் இன்னும் சில. செஷன் டோக்கன் என்ற அடையாளக் குறியைச் சேர்த்தால் ஒரு தேடலின் கேள்விகளையெல்லாம் ஒரே தேடலாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். மூன்று எழுத்து அடித்தபிறகு, கை நின்றபிறகு மட்டும் கேட்கும்படியும் செய்யலாம்.

ஆனால் உங்களுக்கு அந்தத் தேடல் கட்டமே வேண்டாம் என்பது என் எண்ணம். உங்கள் ஜீப் ஊரெல்லாம் போய் ஆள் ஏற்றுவதில்லையே. குமுளி பேருந்து நிலையம், தேக்கடி, லோயர் கேம்ப், கம்பம், வண்டிப்பெரியாறு, அப்புறம் நீங்கள் வழக்கமாக ஏற்றும் சில விடுதி வாசல்கள். அவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பட்டியலாகப் போட்டு, தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கடைசியில் "வேறு இடம்" என்று ஒரு வரி வைத்து, அதைத் தொட்டால் உங்கள் போன் எண் வரட்டும்.